அளவும் வேலையும்: குருதியில் ஒரு கொழுப்பு மாற்றுப் புரதத்தை அளந்த வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பொம்மசந்திராவைக் கடந்ததும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தின் தொழிற்பேட்டைகளுக்கு நடுவே அமைந்த இந்தச் சாலைச் சந்திப்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றோடு குருதி கொடுக்க வருபவர்கள் மாலையில் ஒரு தாளைப் பெற்றுச் செல்கிறார்கள். மொத்தக் கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு, எச்டிஎல், எல்டிஎல் என்று அதில் நான்கு எண்கள் இருக்கும். அந்த எண்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நிற்பவை போல அச்சாகின்றன. உண்மையில் அவற்றுக்கிடையே இடைவிடாத ஒரு பண்டமாற்று நடந்துகொண்டிருக்கிறது. அதை நடத்தும் புரதத்தின் பெயர் கொலஸ்டிரால் எஸ்டர் மாற்றுப் புரதம். துறையினர் சுருக்கமாகச் சிஇடிபி என்பர். வழக்கமான அறிக்கைத் தாளில் அதற்கு வரி இல்லை.

அதற்குக் காரணம் அப்புரதம் முக்கியமற்றது என்பதன்று. உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் நான்கு அதன்மீது பெருஞ்செலவில் மருந்தாய்வுகளை நடத்தியிருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு புரதத்தை "அளந்தோம்" என்று சொல்லும்போது எதை அளந்தோம்? அது எவ்வளவு இருக்கிறது என்பதையா, எவ்வளவு வேலை செய்ய வல்லது என்பதையா, அல்லது அந்த மனிதரின் உடலில் உண்மையில் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையா? இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றின் விடையாக வாசித்ததன் வரலாறே சிஇடிபியின் வரலாற்றில் பெரும்பகுதி.

கொழுப்பு நீரில் கரையாது; எனவே குருதியில் அது புரதங்களோடு சேர்ந்த நுண்துகள்களாகவே பயணம் செய்கிறது. எச்டிஎல் துகளுக்குள் கொலஸ்டிரால் ஒரு கொழுப்பு அமிலத்தோடு பிணைந்து எஸ்டராகிறது. கல்லீரலிலிருந்து வரும் விஎல்டிஎல் துகள்களோ டிரைகிளிசரைடு நிறைந்தவை. சிஇடிபி எச்டிஎல்லிலிருந்து கொலஸ்டிரால் எஸ்டரை எடுத்து விஎல்டிஎல்லிடமும் எல்டிஎல்லிடமும் சேர்க்கிறது. மாற்றாக டிரைகிளிசரைடைக் கொண்டுவந்து எச்டிஎல்லில் வைக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகுந்தால் எச்டிஎல் எண் சரியும். நின்றுபோனால் எச்டிஎல் எண் ஏறும். எளிய இந்தக் கணக்கே பின்னால் பலரை மயக்கியது.

இதன் முதல் தடயம் 1935இல் கிடைத்தது. குருதிநீரை உடல் வெப்பநிலையில் வெறுமனே வைத்திருந்தாலே அதிலுள்ள கட்டற்ற கொலஸ்டிரால் குறைந்து எஸ்டர் வடிவம் கூடுகிறது என்று வாரன் ஸ்பெரி காட்டினார். அந்த வேலையைச் செய்யும் நொதியை 1962இல் ஜான் குளோம்செட் இனங்கண்டார். எஸ்டர் உருவாகும் இடம் தெரிந்துவிட்டது. அது அங்கேயே தங்குகிறதா, இடம் மாறுகிறதா என்பது தெரியவில்லை. 1965இல் பெர்க்லியைச் சேர்ந்த நிக்கல்ஸும் ஸ்மித்தும் மனிதக் குருதிநீரை வெதுவெதுப்பில் வைத்து முன்னும் பின்னும் ஒவ்வொரு துகள் வகையையும் பிரித்து ஆராய்ந்தபோது, எஸ்டர் விஎல்டிஎல் பக்கமும் டிரைகிளிசரைடு எதிர்ப்பக்கமும் நகர்ந்திருந்தன. நகர்த்தியது எது என்ற கேள்வி அடுத்த பத்தாண்டுகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடந்தது.

அந்தத் தாமதத்துக்கு ஆய்வகத்தின் செல்லப்பிராணியான எலிக்கும் பங்குண்டு. எலியின் குருதியில் இந்த மாற்று வேலை ஏறத்தாழ நடப்பதே இல்லை. எலியில் சோதித்தவர்களுக்குக் கொலஸ்டிரால் எஸ்டர் தான் இருக்கும் துகளைவிட்டு அசையாத பொருளாகவே தோன்றியது; அவர்கள் கண்டதில் பிழையில்லை, கண்ட விலங்குதான் வேறு. 1978இல் பார்ட்டரும் லாலியும் மனிதக் குருதிநீரையும் எலியின் குருதிநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வேறுபாட்டைக் காட்டினர். 1982இல் ஹாவும் பார்ட்டரும் பதினாறு முதுகெலும்பிகளை வரிசைப்படுத்தினர். முயலில் இந்தச் செயல்பாடு மிகுதி, மனிதரில் கணிசம், எலியிலும் சுண்டெலியிலும் இல்லையென்றே சொல்லலாம். எந்த உயிரியைக் கொண்டு அளக்கிறோம் என்பதே விடையின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மருத்துவ வரலாற்றில் இது புதிதன்று என்றாலும், இவ்வளவு வெளிப்படையாக அமைந்த எடுத்துக்காட்டுகள் குறைவு.

முயலைத் தேர்ந்தவர் டொனால்டு சில்வர்ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், பெர்க்லியில் செய்க்காஃபின் ஆய்வகத்தில் கதிரியக்கப் பாஸ்பரசைக் கொண்டு கொழுப்புகளின் சுழற்சியை ஆராய்ந்து வளர்ந்தவர். உடலில் ஒரு பொருள் எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுகிறது என்பதைத் தடங்காட்டி அணுக்களைக் கொண்டு கணக்கிடும் சமன்பாடுகளை 1943இலேயே தம் சகாக்களோடு வெளியிட்டவர். குறியிட்ட அணு ஒன்று இடம் மாறினால் பொருளும் இடம் மாறியது என்று பொருளாகாது என்பதை அவரைப் போல் உணர்ந்தவர்கள் அப்போது சிலரே. இரு குடங்களுக்கிடையே சம அளவு நீரை மாறிமாறி ஊற்றிக்கொண்டிருந்தால், ஒன்றில் கரைத்த சாயம் மற்றதிலும் பரவும். ஆனால் எந்தக் குடத்திலும் நீரின் மட்டம் மாறாது. 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவரும் ஹியூஸ், பால்மர் ஆகியோரும் கொழுப்புத்துகள்கள் நீக்கப்பட்ட முயல் பிளாஸ்மாவில் எஸ்டர் பரிமாற்றத்தைத் தூண்டும் ஒரு புரதக்கூறு இருப்பதைக் காட்டியபோது, "பரிமாற்றம்" என்ற சொல்லையே பயன்படுத்தினர். அந்தச் சொல் எச்சரிக்கையோடு தேர்ந்தெடுக்கப்பட்டது என்றே கருதவேண்டும்.

அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கையாண்ட அளவீட்டு முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். பிந்தைய குழப்பங்களின் விதைகள் அதில்தான் இருக்கின்றன. முதலில் பிளாஸ்மாவின் அடர்த்தியை உப்புச் சேர்த்து உயர்த்தி, அதிவேக மையவிலக்குக் கருவியில் பல மணிநேரம் சுழற்றுவர். கொழுப்புத்துகள்கள் மேலே மிதக்கும். அடியில் நிற்பது மாற்றுப் புரதம் அடங்கிய நீர்மம். மறுபுறம் ட்ரிட்டியமோ கார்பன்-14ஓ பொருத்திய கொலஸ்டிரால் எஸ்டரை ஒருவகைத் துகளில், பெரும்பாலும் எச்டிஎல்லில், ஏற்றி வைத்திருப்பர். இது கொடுக்கும் துகள். குறியிடாத எல்டிஎல் பெறும் துகள். இவ்விரண்டோடும் சோதிக்கவேண்டிய நீர்மத்தைச் சேர்த்து 37 பாகை செல்சியசில் சில மணிநேரம் வைப்பர். கூடவே ஒரு தடுப்பான் வேண்டும். இல்லையெனில் குளோம்செட்டின் நொதி விழித்துக்கொண்டு புதிய எஸ்டரை உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். முடிவில் ஹெப்பாரினையும் மாங்கனீசையும் சேர்த்தால் எல்டிஎல் வீழ்படிவாக இறங்கும், எச்டிஎல் மேலே நிற்கும். எந்தப் பக்கம் எவ்வளவு கதிரியக்கம் என்று எண்ணினால், எவ்வளவு எஸ்டர் கைமாறியது என்பது தெரியும். மாற்றுப் புரதம் சேர்க்காத குழாயொன்றையும் உடன் வைத்து, தானாகக் கசிந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் கொடுக்கும் துகளையும் பெறும் துகளையும் ஆய்வாளரே அளந்து ஊற்றுகிறார். எனவே கிடைக்கும் எண், சோதிக்கப்படும் மனிதரின் புரதம் இரவல் துகள்களின்மீது எவ்வளவு வேலை செய்ய வல்லது என்பதைச் சொல்கிறது. அவருடைய சொந்தத் துகள்களின்மீது அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

1978இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று சில்வர்ஸ்மிட் குழுவுடையது. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்ததை விவரிக்கும் அதன் முதல் ஆசிரியர் என். எம். பட்நாயக், ஒடிசாவில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயரைத் தாங்கியவர். தலைப்பில் "பரிமாற்றப் புரதம்" என்றே இருக்கிறது. மற்றொன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து செயெக், ஃபீல்டிங் இருவரும் எழுதியது. அது "மாற்றுப் புரதம்" என்றது. ஒரு சொல் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பரிமாற்றத்தில் மட்டம் மாறாது, மாற்றத்தில் மாறும். இறுதியில் நிலைத்தது இரண்டாவது பெயர். சில்வர்ஸ்மிட் சொல்லில் வைத்திருந்த எச்சரிக்கை பெயரோடு சேர்ந்து மறைந்தது என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் முற்றிலும் பொய்யாகாது.

பிரித்தெடுப்பதிலும் தவறுகள் நேர்ந்தன. தொடக்கத்தில் அபோலிப்போபுரதம் டி என்ற வேறொரு சிறிய புரதமே இந்த வேலையைச் செய்கிறது என்று சான் பிரான்சிஸ்கோ குழு கருதியது. 1981இல் மார்ட்டனும் சில்வர்ஸ்மிட்டும் இரண்டையும் பிரித்து, அபோ-டியை அகற்றிய பின்னும் மாற்று வேலை நிகழ்வதைக் காட்டினர். அதே ஆண்டு அவர்கள் இன்னொன்றையும் கண்டனர்: பிளாஸ்மாவில் இந்த வேலையைத் தடுக்கும் ஒரு புரதமும் இருக்கிறது. அது அபோலிப்போபுரதம் எஃப் என்பது 1999இல்தான் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்பின் அளவீட்டுப் பொருள் கவனிக்கத்தக்கது. முழுப் பிளாஸ்மாவைச் சோதனைக் குழாயில் ஊற்றினால் கிடைப்பது மாற்றுப் புரதத்தின் வேலையிலிருந்து தடுப்பானின் வேலையைக் கழித்த மிச்சம். இருவரின் எண் ஒன்றாக இருந்தாலும், ஒருவருக்குப் புரதமும் தடுப்பானும் மிகுதியாகவும் மற்றவருக்கு இரண்டும் குறைவாகவும் இருக்கக்கூடும்.

1987ஆம் ஆண்டு திருப்புமுனை. கொலம்பியாவில் ஹெஸ்லர், ஸ்வென்சன், டால் ஆகியோர் சுமார் 74,000 மூலக்கூறு எடையுள்ள புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தனர். அதே ஆண்டு ஜெனென்டெக் ஆய்வாளர்கள் 476 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் மரபுக் குறிப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஆசிரியர் பட்டியலில் ஃபீல்டிங்கின் பெயரும் இருந்தது. 1988இல் மான்ட்ரியல் குழுவோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஒற்றைப்படி எதிர்ப்பொருள்கள் மனிதப் பிளாஸ்மாவின் மாற்று வேலை முழுவதையும் நிறுத்தின. எஸ்டர், டிரைகிளிசரைடு ஆகிய இரண்டின் பரிமாற்றத்துக்கும் பொறுப்பு இந்த ஒரே புரதம் என்பது அதனால் உறுதியாயிற்று. எதிர்ப்பொருள் கிடைத்ததும் புரதத்தின் எடையை நேரே அளக்க வழி பிறந்தது: முதலில் கதிரியக்க எதிர்ப்பொருள் முறை, பின்னர் எலிசா. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் சிஇடிபி ஒன்று முதல் மூன்று மைக்ரோகிராம் வரை. அதே மில்லிலிட்டரில் அல்புமின் நாற்பது மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதாவது சிஇடிபியைப் போல் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. இவ்வளவு அரிதான புரதத்தைப் பிரித்தெடுக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனதில் வியப்பில்லை.

1990களில் ஒளிர்ம முறைகள் வந்தன. ஒளிரும் குறியிட்ட எஸ்டரைச் செயற்கைத் துகளின் கருவில் நெருக்கி அடைத்தால் அதன் ஒளி அடங்கிக் கிடக்கும்; மாற்றுப் புரதம் அதை வெளியே எடுத்து வேறு துகளில் வைத்தால் ஒளி எழும். கதிரியக்கமும் மையவிலக்கும் தேவையில்லை. ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் தட்டுகளில் வரிசையாக அளக்க முடிந்தது. வசதி பெருகப் பெருக, அளக்கப்படுவது மனிதருக்குள் நடப்பதிலிருந்து ஓரடி விலகியது. இப்போது கொடுக்கும் துகள்கூட மனிதருடையதன்று.

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தனர். பிளாஸ்மாவில் எதையும் சேர்க்காமல், அதன் சொந்தத் துகள்களுக்கிடையே எவ்வளவு எஸ்டர் நிகரமாக நகர்கிறது என்பதை அவர்கள் அளந்தனர். 1991இல் மான், யென், கிராண்ட், பிஹாய்ன் ஆகியோர் இவ்வகையில் ஆராய்ந்தபோது தெரிந்தது இது: சாதாரணமான டிரைகிளிசரைடு அளவுள்ளவரிடம் மாற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது சிஇடிபியின் அளவன்று, அதைப் பெற்றுக்கொள்ளும் விஎல்டிஎல்லின் அளவு. டிரைகிளிசரைடு மிகுந்து, பெறுவோர் தாராளமாக இருக்கும்போதுதான் புரதத்தின் அளவு கட்டுப்படுத்தும் காரணியாகிறது. படகுகள் பத்து இருந்தும் பயணிகள் இல்லாத துறை ஒன்று. பயணிகள் கூட்டம் அலைமோதியும் படகு போதாத துறை மற்றொன்று. முதல் துறையில் படகுகளை எண்ணிப் போக்குவரத்தைக் கணிக்க முடியாது.

உடன்பிறந்த புரதமான பாஸ்போலிப்பிடு மாற்றுப் புரதத்தில் இச்சிக்கல் இன்னும் அப்பட்டமானது. அதன் எடைக்கும் வேலைக்கும் இடையே பொருத்தமே காணப்படாததை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். 2002இல் ஹெல்சிங்கி குழு காரணத்தைச் சொன்னது: அப்புரதம் குருதியில் வேலை செய்யும் வடிவமாகவும் வேலை செய்யாத வடிவமாகவும் இருவகையாகச் சுற்றுகிறது. எலிசா இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

இனி மனிதர்களிடம் வருவோம். 1980களின் நடுவில் ஜப்பானில் மிக உயர்ந்த எச்டிஎல் கொண்ட சில குடும்பங்களில் எஸ்டர் மாற்று வேலை அறவே இல்லாதது கண்டறியப்பட்டது. 1989இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றம் இனங்காணப்பட்டது. 1990இல் கனசாவாவைச் சேர்ந்த இனாசுவும் சகாக்களும், இரு பிரதிகளிலும் அந்த மாற்றம் உள்ளவர்களின் எச்டிஎல் கொலஸ்டிரால் சராசரி டெசிலிட்டருக்கு 164 மில்லிகிராம் என்று காட்டினர். சாதாரணமானவர்களில் அது ஐம்பதை ஒட்டியிருக்கும். எச்டிஎல் நல்லது, அதை உயர்த்தினால் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கை வலுத்திருந்த காலம் அது. சிஇடிபி இல்லாமையே நீண்ட ஆயுளின் மரபணு என்ற கற்பனையும் கூடவே எழுந்தது.

அகிதா மாகாணத்தின் ஒமகாரிப் பகுதி அந்தக் கற்பனையைச் சோதித்தது. சிஇடிபி குறைபாடு வழக்கத்துக்கு மாறாக மிகுந்து காணப்படும் வட்டாரம் அது. 1997இல் ஹிரானோவும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, அங்கு இந்தக் குறைபாடு நீண்ட ஆயுளோடு தொடர்பற்றது என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. அதற்கு ஓராண்டு முன்னர், ஹொனலூலுவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆடவர் 3,469 பேரை ஆராய்ந்த சோங் முதலியோர், இம்மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு எச்டிஎல் உயர்ந்திருந்தும் இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டதை எழுதியிருந்தனர். எச்சரிக்கை மணி இருமுறை அடித்தாயிற்று. மருந்து நிறுவனங்களின் காதில் அது விழவில்லை என்பதைவிட, விழுந்தும் எச்டிஎல் எண்ணின் ஏற்றம் அதை மூழ்கடித்தது என்பதே பொருந்தும்.

ஃபைசரின் டார்செட்ராபிப் 15,067 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. எச்டிஎல் 72 விழுக்காடு உயர்ந்தது. எல்டிஎல் 25 விழுக்காடு குறைந்தது. 2006 டிசம்பரில் ஆய்வு திடீரென நிறுத்தப்பட்டது. இறுதிக் கணக்கில் மருந்துக் குழுவில் 93 பேரும் ஒப்பீட்டுக் குழுவில் 59 பேரும் இறந்திருந்தனர். அம்மருந்து குருதியழுத்தத்தை உயர்த்தியதும் ஆல்டோஸ்டிரோனைக் கூட்டியதும் சிஇடிபியோடு தொடர்பற்ற பக்கவிளைவுகள் என்று பின்னர் விளக்கப்பட்டது. அவ்விளக்கம் பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. ஆனால் அடுத்து வந்த ரோஷின் டால்செட்ராபிப் 2012இலும், லில்லியின் எவாசெட்ராபிப் 2015இலும் பயனின்மையால் நிறுத்தப்பட்டன. எவாசெட்ராபிப் எச்டிஎல்லை இரு மடங்குக்கு மேல் உயர்த்தியது, மாரடைப்பு குறையவில்லை. மெர்க்கின் அனாசெட்ராபிப் மட்டும் 30,449 பேரிடம் நான்காண்டுகளுக்கு மேல் நடந்த சோதனையில், 2017இல், இதய நிகழ்வுகளை ஒன்பது விழுக்காடு குறைத்துக் காட்டியது. அந்தச் சிறு நன்மையும் எச்டிஎல் இரு மடங்கானதால் வந்ததன்று, எச்டிஎல் அல்லாத கொலஸ்டிரால் குறைந்ததால் வந்தது என்றே கணக்குகள் சுட்டின. மெர்க் அதைச் சந்தைக்குக் கொண்டுவராமல் கைவிட்டது.

இந்த மருந்துகளின் ஆய்வில் அளவீட்டு வரலாற்றுக்கு உரிய ஒரு நகைமுரண் உண்டு. டார்செட்ராபிப் சிஇடிபியை அழிப்பதில்லை. அதை எச்டிஎல்லோடு இறுகப் பிணைத்து அசையவிடாமல் செய்கிறது. எனவே மருந்து உண்டவரின் பிளாஸ்மாவில் எலிசா வைத்துப் பார்த்தால் சிஇடிபியின் எடை கூடியிருக்கிறது, அனாசெட்ராபிப்பிலும் அவ்வாறே. அதே குழாயில் வேலையை அளந்தால் குறைந்திருக்கிறது. மருந்தின் பெயரை மறைத்து எடையளவை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், இம்மனிதருக்குச் சிஇடிபி மிகுதி என்றே அவர் எழுதுவார்.

மக்கள்தொகை ஆய்வுகளிலும் இதே பிளவு தோன்றியது. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்ட மக்களிடம் சிஇடிபியின் எடையை அளந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது; டிரைகிளிசரைடு மிகுந்தவர்களிடம் எடை கூடக்கூட இதயநோய் வாய்ப்பும் கூடியது. 2009இல் வெளிவந்த அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு வேலையை அளந்தது. அங்கே வேலை குறைந்தவர்களுக்கே இதயநோய் மிகுதி. இரண்டையும் முரண்பட்ட முடிவுகள் என்று பாடநூல்கள் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிடுகின்றன. ஒரே கேள்விக்கு இரு விடைகள் வந்தால்தான் முரண்பாடு. இங்கே கேட்கப்பட்டவை இரு கேள்விகள். நார்ஃபோக்கில் டிரைகிளிசரைடு என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்ததும் தற்செயலன்று. பெறுவோர் மிகுந்த இடத்தில்தான் படகுகளின் எண்ணிக்கை பொருட்படும் என்று மான் குழு முன்பே சொல்லியிருந்தது.

இந்த இடத்தில்தான் தென்னிந்தியா விவாதத்துக்குள் வருகிறது. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 2,042 பேரிடம் கொழுப்பை அளந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2014இல் வெளிவந்தது. 72.3 விழுக்காட்டினருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 விழுக்காட்டினருக்கு டிரைகிளிசரைடு மிகுதி. எல்டிஎல் மிகுந்தவர்கள் 11.8 விழுக்காடு மட்டுமே. மேலைநாட்டு இதயநோயின் முகம் எல்டிஎல் என்றால், இங்குள்ள முகம் குறைந்த எச்டிஎல்லும் உயர்ந்த டிரைகிளிசரைடும். அந்த இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் கயிறு சிஇடிபிதான். அப்படியிருக்க, இம்மக்களிடம் அதை எவ்வாறு அளந்திருக்கிறார்கள்?

பெரும்பாலும் மரபணுவின் வழியாக. முதல் இன்ட்ரானில் உள்ள டாக்ஒன்-பி என்னும் வேறுபாடு, புரதத்தின் அளவோடும் எச்டிஎல்லோடும் தொடர்புடையது என்று பல நாடுகளில் காட்டப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் மாதிரிகளில் சீனர், மலாயர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடமும் இதை வாசித்து 2003இல் வெளியிட்டனர்; சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மையர் தமிழர் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. 2007இல் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் நலமுள்ள தமிழ்த் தன்னார்வலர்களிடம் சிஇடிபி மரபணுவின் பரவலான வேறுபாடுகளை ஆராய்ந்து, அவற்றைக் கொழுப்பு அளவுகளோடு ஒப்பிட்டனர். தமிழரின் சிஇடிபி பற்றிப் பேசுவோர் தொடங்கவேண்டிய கட்டுரை அது. மரபணு வாசிப்பு மலிவானது, மாதிரி கெடாது, ஒருமுறை செய்தால் போதும். ஆயினும் அது நான்காவது ஒரு கேள்விக்கான விடை: எவ்வளவு புரதம் உண்டாகும் வாய்ப்பு ஒருவருக்குப் பிறப்பிலேயே அமைந்திருக்கிறது என்பது. அரிசிச் சோற்றுக்குப் பின் டிரைகிளிசரைடு ஏறிய நண்பகலில் அவருடைய எச்டிஎல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை அது சொல்லாது. நாடித் தடிப்பு உணவுக்குப் பிந்தைய நிகழ்வு என்று 1979இலேயே வாதிட்டவர் இதே சில்வர்ஸ்மிட் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சந்தாபுராவை ஒட்டிய பொம்மசந்திராவுக்கு இவ்வரலாற்றில் ஒரு தொடர்புண்டு. அங்கே தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயா வளாகத்தில், லண்டனைத் தலைமையாகக் கொண்ட த்ராம்போசிஸ் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டின் இந்தியக் கிளை இயங்கியது. அதன் நிறுவனர் விஜய் கக்கர். அறுவைக்குப் பின் நுரையீரலுக்குச் சென்று உயிர்பறிக்கும் குருதிக்கட்டிகளைச் சிற்றளவு ஹெப்பாரின் தடுக்கும் என்பதை 1975ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வால் நிறுவியவர். (சில்வர்ஸ்மிட் குழுவின் முயல் கட்டுரையும் அதே ஆண்டில் வந்தது. மேலே சொன்ன முறையில் எல்டிஎல்லை வீழ்த்துவதும் ஹெப்பாரின்தான். அறுவை அரங்கிலும் சோதனைக் குழாயிலும் ஒரே பொருள் இரு வேலைகள் செய்தது.) இக்கிளையின் வழியே நடந்த இந்திய நாடித் தடிப்பு ஆய்வு, இளமையிலேயே இதயநோய் கண்டவர்களையும் அவர்களது குடும்பத்தினரையும் பெங்களூரிலும் மும்பையிலும் திரட்டியது. தனி நோயாளியை அல்லாமல் குடும்பத்தைத் திரட்டியதே அதன் வலிமை. அபோ-ஏ1, சி3, ஏ5 மரபணுத் தொகுதி பற்றி அக்குழு 2008இல் எழுதியது. டிரைகிளிசரைடின் ஏற்ற இறக்கத்தில் நேரடிப் பங்குள்ள மரபணுக்கள் அவை.

இத்தகைய குடும்பத் திரட்டுகளே சிஇடிபியின் மூன்று கேள்விகளையும் ஒருசேரக் கேட்க உகந்தவை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு நாற்பது வயதில் மாரடைப்பு, தம்பிக்கு இல்லை. இருவருக்கும் உணவு ஒன்று, மரபணுவில் பாதி ஒன்று. அவர்களிடம் எடை, வேலை, நிகர மாற்றம் மூன்றையும் அளந்தால், வேறுபாடு படகில் இருக்கிறதா, பயணியில் இருக்கிறதா, தடுப்பானில் இருக்கிறதா என்று பிரித்தறியலாம். ஆனால் மூன்று அளவீடுகளும் உறைபெட்டியை ஒரேமாதிரி ஏற்பதில்லை. கழிவு எண்பது பாகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிளாஸ்மாவில் எலிசா செய்யலாம். இரவல் துகள்களைக் கொண்டு வேலையையும் ஓரளவு நம்பிக்கையோடு அளக்கலாம். நிகர மாற்றத்தை அளக்க விஎல்டிஎல் துகள்கள் முழுமையாக இருக்கவேண்டும். உறைந்து உருகும்போது முதலில் சிதைவது அவைதான். அந்த அளவீட்டுக்குப் பிளாஸ்மா புதிதாக வேண்டும்: குருதி எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, செல்களைப் பிரித்து, தாமதமின்றி 37 பாகையில் சோதனையைத் தொடங்கவேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் எடுக்கவேண்டும் என்றால் குடும்பத்தார் ஒரு முழுப்பகலை ஆய்வகத்தில் கழிக்கவேண்டும். நாள்கூலிக்கும் ஷிப்டுக்கும் செல்பவர்கள் நிறைந்த தொழிற்பேட்டைப் பகுதியில் அந்த ஒரு பகலின் விலை, எலிசா தட்டின் விலையைக் காட்டிலும் கூடுதல்.